கணபதிராமனின் வலது கை

வலது கையைத் தொடைக்கு அடியில் செருகி அதன் மேல் உட்கார்ந்திருந்தார் கணபதிராமன். எதிரே முக்காலியில் கிராமபோன் சுழன்றுகொண்டிருந்தது. தட்டு முடிகிற வரையில் ஆடக்கூடாது, அசையக்கூடாது என்று தனக்குத் தானே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். தலை அடங்கிவிட்டது, கழுத்தும் அடங்கிவிட்டது. வலது தோள் மட்டும் சின்னச் சின்னதாகத் துள்ளியது. அடியில் அகப்பட்ட கை வெளியே வரத் தவிக்கிறது என்பது முற்றத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த எனக்கே தெரிந்தது.

"ஏன்னா, கை மரத்துப்போகலையா?" என்று உள்ளேயிருந்து அன்னபூர்ணி மாமி கேட்டாள்.

"மரத்துப் போகட்டும்டீ. மரத்துப் போனாத்தான் சும்மா கெடக்கும்."

புரட்டாசி மாதம் முழுவதும் தினம் காலையில் இந்தப் பயிற்சி நடந்தது. லக்ஷ்மிபுரத்தில் ஒரே முற்றத்தைச் சுற்றி நாங்கள் நாலு குடித்தனம். அவருடையது தெருவைப் பார்த்த முதல் வீடு, எங்களுடையது குழாயடி வீடு. தண்ணீர் பிடிக்கவும் துணி உலர்த்தவும் அவர் ஜன்னலைத் தாண்டித்தான் போகவேண்டும். நான் அதிகம் பேசமாட்டேன். பேசாதவள் பார்க்கவும் மாட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பதால் ஜன்னலைச் சாத்துவதில்லை.

கணபதிராமன் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்தார். குட்டையான உருவம். காலையில் மூக்குப்பொடி, சாயங்காலத்தில் ஏலக்காய். தலையில் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை ஏறிவிட்டால் குரல் தானாகவே கொஞ்சம் கனத்துவிடும். வீட்டுக்கு வந்து அதை முளையில் மாட்டியதும் குரலும் மாட்டிக்கொள்ளும். தமிழில் ஆரம்பிப்பார், நடுவில் "ஹௌதோ இல்லையோ?" என்று கன்னடத்தில் ஒரு முட்டுக் கொடுப்பார், முடிக்கும்போது இங்கிலீஷில் இறங்குவார்.

அவருக்கென்று சொந்தமாக ஒரே ஒரு சொத்து உண்டு என்று ஊரில் சொல்வார்கள். அது அவருடைய தாளம். ராமநவமிப் பந்தலில் அவர் முன்னால் உட்கார்ந்தால் மிருதங்கக்காரர் வாய்ப்பாட்டுக்காரரைப் பார்ப்பதைவிட அவர் கையைத்தான் அதிகம் பார்ப்பார். எவ்வளவு சிக்கலான இடத்திலும் அந்த உள்ளங்கை வழுக்காது. சனிக்கிழமைகளில் அவர் வீட்டில் பஜனை நடக்கும். ஆபீஸில் அவருக்கு அடுத்த நாற்காலியில் இருக்கும் சாம்பசிவன் தவறாமல் வருவார். சாம்பசிவனுக்குப் பக்தி நிறைய. தாளம் அறவே கிடையாது. எல்லோரும் தட்டி முடித்த பிறகு, மறந்துபோனதை ஞாபகப்படுத்திக்கொண்டவர் போல அவர் தட்டுவார்.

"ஓய் சாம்பசிவா," என்று கணபதிராமன் எல்லோர் நடுவிலும் சொல்வார், "நீர் கையைக் கட்டிண்டு ஒக்காந்தாலே ஸ்வாமிக்குப் பெரிய உபகாரம். தாளம் கெட்டவன் பக்கத்துல என்னால ஒக்கார முடியாது. அந்தத் தூண்கிட்ட போம்."

சாம்பசிவனும் சிரித்துக்கொண்டே தூண்கிட்டப் போவார்.

இப்படிப்பட்ட கையைத்தான் அவர் தொடைக்கு அடியில் போட்டு நசுக்கிக்கொண்டிருந்தார். காரணம், மார்கழியில் அவருக்கு ஐம்பத்தைந்து வயது. பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்காரவேண்டிய வயது. செக்ரெடரி மனம் வைத்தால் இன்னும் ஒரு வருஷம் நாற்காலியில் இருக்கலாம். அதற்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். எக்ஸ்டென்ஷன் கிடைக்காவிட்டால் நாற்காலி சாம்பசிவனுக்குப் போய்விடும். முற்றத்தில் எங்கள் எல்லோரிடமும் "கெடைச்சா மாதிரிதான்" என்று சொல்லி வைத்துவிட்டார். கிடைக்காவிட்டால் தெருவில் எப்படி நடப்பது என்பதுதான் அவருடைய கவலை.

செக்ரெடரி சீமையில் படித்துவிட்டு வந்தவர். நம்முடைய கச்சேரிகளைப் பற்றி அவர் ஆபீஸில் ஒருநாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: சங்கீதம் கேட்கிறவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்கவேண்டும், தொடையைத் தட்டுகிறவன் கேட்கத் தெரியாதவன் என்று. மற்ற குமாஸ்தாக்கள் அதைக் கேட்டுவிட்டு மத்தியானம் காப்பி குடிக்கப் போனார்கள். கணபதிராமன் வீட்டுக்கு வந்து யாரிடமோ கிராமபோனை இரவல் வாங்கிவிட்டார். சனிக்கிழமை பஜனையும் அதோடு நின்றது. "என்ன மாமா, பஜனை இல்லையா?" என்று கேட்டதற்கு, "சும்னே ஒரு கூச்சல். ஒரு ஒழுங்கு உண்டா அதுல?" என்று கன்னடம் கலந்து சொன்னார்.

இது அவருக்குப் புதிது அல்ல. முன்னால் இருந்த ஒரு செக்ரெடரி ரோஜாப் பிரியர். அப்போது எங்கள் முற்றத்தில் கால் வைக்க இடமில்லாமல் பூந்தொட்டிகள் வந்தன. அவர் மாற்றலாகிப் போன வாரமே ரோஜாக்கள் வாடின. இப்போது அந்தத் தொட்டிகளில் மாமி கொத்துமல்லி போட்டிருக்கிறாள். அடுத்து வந்தவர் டென்னிஸ் ஆடுகிறவர். கணபதிராமன் அந்த வயதில் குடுமியை எடுத்துவிட்டு வெள்ளைக் கான்வாஸ் ஜோடும் ஒரு மட்டையும் வாங்கிக்கொண்டார். ஆடவில்லை, கோட்டுக்கு வெளியே விழுகிற பந்தைப் பொறுக்கிக் கொடுத்தார். அந்த மட்டை இன்றைக்கும் இருக்கிறது. வடாம் காய்கிறபோது காக்கை விரட்ட அதைவிட வசதியான பொருள் கிடையாது என்பது மாமியின் அபிப்பிராயம். நடுவில் ஒருவர் வேதாந்தியாகவும் இருந்தார். அந்த இரண்டு வருஷம் கணபதிராமன் எங்களிடம் எதைப் பற்றிப் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

ஐப்பசியில் டவுன் ஹாலில் இங்கிலீஷ் வாத்தியக் கச்சேரி என்று அச்சடித்த கார்டு வந்தது. அரண்மனை வாத்தியக்காரர்களோடு பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்து வாசிக்கிறார்களாம். சாயங்காலம் முழுவதும் பீத்தோவன் என்கிற ஒரே ஒருவருடைய உருப்படிகள்.

"ஒரே ஆளோடதா?" என்றாள் மாமி. "ஒரே கறியையே எலை பூராப் பரிமாறப் போறாளா?"

"ஒனக்கு என்னடீ தெரியும். அவன் செவிடு. காது கேக்காமயே எழுதினான்."

"தனக்குக் கேக்காதுங்கற தைரியத்துல எழுதியிருப்பான்."

பதில் சொல்லத் தெரியாத இடங்களில் அவர் பேட்டாவை எடுத்து ஜரிகையைத் துடைப்பார். அன்றைக்கும் துடைத்தார்.

பீத்தோவனைப் பற்றி அவருக்குத் தெரிந்தது மூன்று விஷயம். அவர் செவிடு, அவர் கோபக்காரர், அவருடைய உருப்படி ஒவ்வொன்றுக்கும் நாலு பாகம். இந்த மூன்றாவதுதான் முக்கியம். ஒவ்வொரு பாகமும் முடிந்து கொஞ்சம் நிறுத்துவார்கள். அங்கே கை தட்டக்கூடாது. நாலும் முடிந்த பிறகுதான் தட்டவேண்டும். நடுவில் தட்டுகிறவன் பட்டிக்காட்டான். இதை அவர் எங்கள் முற்றத்தில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார். கச்சேரிக்கு வரப்போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். வாசலில் பூக் கொடுக்க வரும் மாதம்மாவையும் விடவில்லை. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டாள்.

"ஆகட்டுங்க சாமி. நா நாலும் முடிஞ்சாலும் தட்டமாட்டனுங்க. பூ எத்தன மொழம்?"

கார்டில் சம்சாரத்துக்கும் இடம் போட்டிருந்தது. தனியாகப் போகமாட்டேன் என்று மாமி என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டாள். பெண்களுக்குப் பக்கவாட்டில் உயரமான இடம். எங்களுக்கு நேர் கீழே முன்வரிசையில் செக்ரெடரி, அவருடைய விருந்தாளியாக ஒரு வெள்ளைக்கார டாக்டரும் அவர் மனைவியும். அவர்களுக்குச் சரியாகப் பின்னால், நீட்டினால் கை படுகிற தூரத்தில், கணபதிராமன். அந்த நாற்காலிக்காக அவர் இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். கறுப்புக் கோட்டு, ஜரிகை அங்கவஸ்திரம், பேட்டா. வலது கை ஏற்கெனவே தொடைக்கு அடியில்.

மேடையில் நாற்காலி நாற்காலியாகப் பிடில்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் எதிரே காகிதத்தைப் பார்த்து வாசித்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் எதையும் வாசிக்காமல் குச்சியை ஆட்டினார். கையை ஆட்டுகிற உரிமை அந்தச் சபையில் அவர் ஒருவருக்குத்தான் என்று எனக்குப் புரிந்தது.

முதல் உருப்படியில் முதல் பாகம் முடிந்ததும் பின்னால் ஜவுளி வியாபாரிகள் வரிசையிலிருந்து படபடவென்று கை தட்டினார்கள். கணபதிராமன் முழு உடம்போடு திரும்பினார். அந்தப் பார்வையை அவர் வீட்டிலேயே பழகியிருக்கவேண்டும். வியாபாரிகளின் கைகள் அப்படியே நின்றன. செக்ரெடரியும் திரும்பிப் பார்த்தார். கணபதிராமனைப் பார்த்து, நம்மைப் போல் தெரிந்தவர்கள் இரண்டு பேர் என்கிற பாவனையில் லேசாகத் தலையை அசைத்தார். கணபதிராமனின் பின்கழுத்து சிவந்துபோனதை நான் மேலிருந்து பார்த்தேன். அப்புறம் ஒவ்வொரு பாகம் முடிந்ததும் அவர் இடது கையில் ஒரு விரலை மடக்கினார். நாலாவது விரல் மடங்கியதும் சபையில் முதலாவதாகக் கை தட்டியவர் அவர்தான். செக்ரெடரி இரண்டாவதாகத் தட்டினார்.

இடைவேளையில் கணபதிராமன் பெண்கள் பக்கத்துப் படிக்கட்டுக்கே ஓடிவந்துவிட்டார்.

"பேசினார்டீ. 'கணபதிராமன், உமக்கு இதெல்லாம் இவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியாமப் போச்சே'ன்னார். டாக்டரோட துரைசானிகிட்டயும் என்னைக் காட்டிச் சொன்னார். ஆச்சுன்னு வெச்சுக்கோ."

"பாதிதானே ஆயிருக்கு," என்றாள் மாமி.

"மீதியும் நாலுதானே? இதுல என்ன இருக்கு. விரலை மடக்கத் தெரிஞ்சாப் போறும்."

இரண்டாவது உருப்படி வேறு மாதிரி இருந்தது. கதவைத் தட்டுகிற மாதிரி ஆரம்பித்தது. முதல் பாகம் முடிந்தது, ஒரு விரல். இரண்டாவது முடிந்தது, இரண்டு விரல். மூன்றாவது நடந்துகொண்டிருக்கும்போது பிடில்கள் எல்லாம் அடங்கிப்போய், மேடைக்குப் பின்கோடியில் பெரிய தாமிர அண்டாவைப் போன்ற மத்தளம் மட்டும் தனியாக, மெதுவாக, விடாமல் தட்ட ஆரம்பித்தது.

அப்போது கணபதிராமனின் வலது கை வெளியே வந்துவிட்டது.

அவர் வெளியே எடுக்கவில்லை. அதுவாக வந்தது. வந்து முழங்காலில் ஒரு தட்டு, விரல்கள் ஒவ்வொன்றாக, மறுபடி ஒரு தட்டு. மத்தளத்துக்கும் அந்தக் கைக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. அவர் அதைப் பார்த்ததும் பாம்பைக் கண்டவர் போல ஆகிவிட்டார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தார். மடக்கி வைத்திருந்த விரல்கள் இரண்டும் விரிந்துவிட்டன. செக்ரெடரி பார்த்துவிட்டாரோ என்று முன்னால் எட்டிப் பார்த்தார்; அங்கவஸ்திரத்தால் கையை மூடினார்; மூடிய துணிக்கு அடியிலும் அது துடித்தது. கடைசியில் ஒருமாதிரி எழும்பித் தொடைக்கு அடியில் திணித்து மேலே உட்கார்ந்தார். இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே மத்தளம் பெரிதாகி, பிடில்களும் ஊதுகுழல்களும் ஒன்றாகச் சேர்ந்து எழும்பி, நடுவில் நிற்காமலே அடுத்த பாகத்துக்குள் பாய்ந்துவிட்டன. எனக்கே அது தெரிந்தது. புதிதாக ஒன்று ஆரம்பித்துவிட்டது என்று மாமியின் கையை அழுத்தினேன். அவருக்குத் தெரியவில்லை. அவர் கையை அடக்கிவிட்ட நிம்மதியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு யோசித்து யோசித்து இரண்டு விரலை மறுபடி மடக்கினார்.

எல்லாம் சேர்ந்து முழங்கி, முழங்கி, ஒருவழியாக முடிந்தது. குச்சிக்காரர் கையை இறக்கினார். மூன்றாவது விரலை மடக்கிக்கொண்டு கணபதிராமன் அமைதியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் செக்ரெடரி கை தட்டினார். டாக்டரும் தட்டினார். பின்னால் சபை தட்ட ஆரம்பித்தது.

கணபதிராமன் பதறிப்போனார். தம்முடைய எஜமான் பட்டிக்காட்டான் ஆகிவிடப்போகிறாரே என்கிற பதற்றம். முன்னால் சாய்ந்து செக்ரெடரியின் முழங்கையைத் தொட்டார். உதட்டில் ஒரு விரலை வைத்தார்.

"நாட் யெட், ஸார். ஒன் மோர். ஒன் மோர் பாக்கி இருக்கு."

எனக்கு இன்றைக்கும் வேடிக்கையாக இருப்பது அதற்கப்புறம் நடந்ததுதான். சீமையில் படித்த செக்ரெடரியின் கைகள் நின்றுவிட்டன. அவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. செக்ரெடரி நிறுத்தியதைப் பார்த்து அவர் வரிசை நிறுத்தியது. முன்வரிசையைப் பார்த்து அடுத்த வரிசை. கணபதிராமன் எழுந்து நின்று பின்னால் திரும்பி "ஷ்ஷ்" என்று கையமர்த்தினார். ஏற்கெனவே அவரிடம் பார்வை வாங்கியிருந்த ஜவுளி வியாபாரிகள் உடனே அடங்கினார்கள். மேடையில் குச்சிக்காரர் குனிந்து வணக்கம் சொன்னார். நிமிர்ந்தபோது சபையில் சத்தமே இல்லை. அவர் எங்களை ஒருமுறை பார்த்தார், பிடில்காரர்களை ஒருமுறை பார்த்தார். பிடில்காரர்கள் வில்லைத் தளர்த்தினார்கள். சபை முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு நாலாவது பாகத்துக்காகக் காத்திருந்தது. மத்தளக்காரர் மத்தளத்தின் மேல் துணியைப் போர்த்தினார்.

முதலில் சிரித்தது டாக்டரின் மனைவி. அவள் செக்ரெடரியின் பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். மூன்றும் நாலும் ஒட்டிக்கொண்டே வரும், நடுவில் நிறுத்தம் கிடையாது என்று சொன்னாளாம். அவளுக்கு அது சாதாரண வேடிக்கை. செக்ரெடரியின் காது நுனி வரையில் நிறம் மாறியது. அவர் மேடையைப் பார்த்து மூன்று தடவை கை தட்டினார். எழுந்தார். போகிற வழியில் கணபதிராமனின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனார்.

ஜட்கா சயாஜி ராவ் ரஸ்தாவைத் தாண்டியதும் அவரே ஆரம்பித்தார்.

"அந்த மத்தளக்காரன் கெடுத்துட்டாண்டீ. அவன் பாட்டுக்கு அப்படித் தட்டினானே, கை வெளில வந்துடுத்து. அதைப் புடிக்கறதுக்குள்ள மூணும் நாலும் சேந்துடுத்து."

"வந்த கையை விட்டிருக்கலாமே," என்றாள் மாமி. "ஒங்க கை ஒண்ணுதான் அங்க ஒழுங்காக் கேட்டுண்டிருந்தது."

அவர் பேட்டாவைக் கழற்றி மடியில் வைத்து, இருட்டில் ஜரிகையைத் துடைத்தார்.

எக்ஸ்டென்ஷன் வரவில்லை. மார்கழியில் ஆபீஸில் மாலை போட்டு, உப்புமா கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கிராமபோன் இரவல் கொடுத்தவர் வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று. முக்காலியின் மேல் இப்போது ஊறுகாய் ஜாடி. நாற்காலி சாம்பசிவனுக்குக் கிடைத்தது. பென்ஷன் காகிதங்களும் சாம்பசிவனுடைய மேஜைக்குத்தான் போயின. சர்வீஸில் எந்தெந்த வருஷம் சேரும், எது சேராது என்று அவர் எழுதி அனுப்பினால்தான் மேலே நகரும். தை போயிற்று, மாசி போயிற்று. "பாத்துண்டிருக்கேன் ஸ்வாமி, அவசரப்படாதீங்கோ" என்று சாம்பசிவன் சிரித்துக்கொண்டே சொல்வாராம். தூண்கிட்டப் போகும்போது சிரிப்பாரே, அதே சிரிப்பாக இருக்கலாம்.

ராமநவமிக்குப் பந்தல் போட்டார்கள். நானும் மாமியும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கணபதிராமன் தம் பழைய இடத்தில், மேடைக்கு நேர் எதிரே ஜமக்காளத்தில் உட்கார்ந்தார். மிருதங்கக்காரர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். பாட்டு ஆரம்பித்ததும் அந்த வலது கை வெளியே வந்தது. ஒளிக்காமல், மூடாமல், தொடையின் மேல் கணீர் கணீரென்று விழுந்தது. அவரைப் பற்றி நல்லதாக எதுவும் நினைக்காத எனக்கும் அதைப் பார்க்கக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. செக்ரெடரி இல்லை, எக்ஸ்டென்ஷன் இல்லை. இனி அந்தக் கைக்கு யார் தயவும் வேண்டாம் என்று நினைத்தேன்.

இரண்டாவது பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது சாம்பசிவன் வந்தார். புதுப் பேட்டா. கணபதிராமன் அவசர அவசரமாக நகர்ந்து பக்கத்தில் இடம் பண்ணினார்.

"வாங்கோ, வாங்கோ. இப்படி ஒக்காருங்கோ. இங்கதான் நன்னாக் கேக்கும்."

சாம்பசிவன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்தியாகக் கண்ணை மூடிக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். பந்தலில் அத்தனை உள்ளங்கைகளும் ஒன்றாக விழுந்த பிறகு, சற்றுப் பொறுத்து, அவருடையது தனியாக விழுந்தது. மறுபடியும் தனியாக.

கணபதிராமனின் கை அந்தரத்தில் நின்றது. மேடையில் மிருதங்கக்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சபை தட்டியது, கணபதிராமன் தட்டவில்லை. ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். சாம்பசிவனின் கை இறங்கியபோது அவருடைய கையும் அதோடு சேர்ந்து, பிசகாமல், இறங்கியது.